அதே மருந்துதான் – ஒருத்திக்குக் கேட்கிறது, இன்னொருத்திக்கு ஏன் கேட்பதில்லை?



சுங்கை பாக்காப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"டிரெஸ்ஸர் ஐயா, எங்க லைன்ல ரெண்டு பேருக்கு மார்புல கட்டி. ரெண்டு பேரும் ஒரே பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனாங்க. ஒரே செவப்பு மருந்துதான் ஏத்துனாங்க. ஒருத்திக்கு மூணாவது தடவையிலேயே கட்டி கரைஞ்சி போச்சு. இன்னொருத்திக்கு ஆறு தடவை ஏத்தியும் கல்லு மாதிரி நிக்குது. டாக்டர் சரியில்லையா, மருந்து சரியில்லையா, இல்ல அவ தலையெழுத்தா?"

பஸ் வந்துவிட்டது. நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் இரண்டு நிமிடத்தில் முடிகிற பதில் அல்ல அது. அந்தச் சகோதரி இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்லன். தோட்டத்து டிஸ்பென்சரியில் பல வருடம் மருந்து கலக்கியவன், காயம் கட்டியவன், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், படித்த டாக்டர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் நம் பாஷையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சர்க்கார் மருந்து மட்டம், அதனாலதான் கேக்கல" என்று லைனில் பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பி மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிட்டு, வேர் மருந்து தேடிப் போய் உயிரை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தச் சங்கதி பாதி தெரியும். ஒரே நிரையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களுக்கு அதே எத்ரல் மருந்தைத்தான் பட்டையில் தடவுகிறோம். ஒன்று வாளி நிறையப் பால் விடுகிறது. மற்றது நான்கு நாள் விட்டுவிட்டுப் பட்டை வறண்டு போகிறது. மண்டோர் என்ன சொல்வார்? "அது வேற சாதிக் கன்னு" என்பார். ஒட்டுக்கன்று எந்தத் தாய் மரத்திலிருந்து வந்ததோ அதன் குணம் அதற்கு. ஆர்.ஆர்.ஐ.எம். 600-க்கு ஒரு குணம், ஜி.டி. 1-க்கு வேறு குணம். மேலே தடவும் மருந்து ஒன்றானாலும் உள்ளே இருக்கும் விதைக்குணம் வேறு.

மனித உடம்பிலும் அப்படியே. அந்த விதைக்குணத்தைத்தான் மரபணு என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜீன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு பெரிய கட்டளைப் புத்தகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு மரபணு. பாதிப் பக்கங்கள் அம்மாவிடமிருந்தும் பாதிப் பக்கங்கள் அப்பாவிடமிருந்தும் வந்தவை.

இனி, மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயர் சொன்னாலும் அது ஒரே நோய் அல்ல. ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களே, அங்கே மூன்று பூட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு பூட்டு பெண்மைச் சுரப்பு நீரைப் பிடித்துக்கொள்பவை. ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர். என்று போட்டிருக்கும். மூன்றாவது ஹெர்-2. பூட்டு இருந்தால் அதற்குத் தகுந்த சாவி உண்டு. இ.ஆர்., பி.ஆர். இருப்பவருக்கு தமொக்சிபென் போன்ற மாத்திரை. ஹெர்-2 அதிகமாக இருப்பவருக்கு ஹெர்செப்டின் என்ற ஊசி.

இந்த ஹெர்-2 கதை ஒரு மரபணுக் கதைதான். சாதாரண உயிரணுவில் அந்தப் பக்கம் இரண்டு பிரதிதான் இருக்கும். இந்த வகைக் கட்டியில் அதே பக்கத்தை அச்சாபீஸில் அடித்துத் தள்ளியது போலப் பத்து, இருபது என்று பிரதிகள் குவிந்திருக்கும். அமெரிக்காவில் டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் 1987-ல் இதைக் கண்டு எழுதினார்கள். அப்படிப்பட்ட கட்டி வேகமாகப் பரவும், ஆளைச் சீக்கிரம் கொல்லும் என்று தெரிந்தது. 1998-ல் அதற்கென்றே செய்த ஹெர்செப்டின் விற்பனைக்கு வந்த பிறகு, மிகக் கெட்ட வகை என்று பயந்த அதே நோய்க்கு நல்ல வைத்தியம் உண்டு என்று ஆனது.

மூன்று பூட்டும் இல்லாத கட்டியும் உண்டு. டாக்டர்கள் 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்பார்கள். நாம் முப்பூட்டு இல்லாத கட்டி என்று வைத்துக்கொள்வோம். உலகக் கணக்கில் நூறு மார்பகப் புற்றுநோயில் 10 முதல் 15 வரை இந்த வகை. மற்ற வகையைவிட இளம் பெண்களைப் பிடிப்பது அதிகம், வளர்வதும் வேகம். மாத்திரைச் சாவிக்கு இங்கே வேலையில்லை. ஆகவே கீமோ என்கிற ரசாயன மருந்துதான் நீண்ட காலம் ஒரே ஆயுதமாக இருந்தது.

அந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சிவப்பு மருந்து என்று நம் பெண்கள் பயப்படும் டாக்சோரூபிசினின் மூலம், இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கம் எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிர். பேக்லிடாக்சல் என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. பட்டை சீவியே பிழைத்த நமக்கு இது வேடிக்கையாக இல்லையா? கோயில் ஓரத்தில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்துகூட வேறு சில கீமோ மருந்துகள் பிறந்திருக்கின்றன. உடனே இலையைப் பறித்து அவித்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், தாயே! அது விஷச் செடி. டன் கணக்கில் இலையை அரைத்து, கிராம் கணக்கில் பிரித்து, அளந்து ஏற்றுவதுதான் மருந்து.

கீமோ என்ன செய்கிறது? வேகமாகப் பெருகும் உயிரணுவைத் தாக்குகிறது. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், வயிறு புரட்டுவதும் அதனால்தான். அங்கேயும் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. முப்பூட்டு இல்லாத கட்டி வேகமாகப் பெருகுவதால், முதல் அடியில் அது மற்ற வகையைவிட நன்றாகவே கரைகிறது. இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆனால் எல்லாருக்கும் அல்ல. கரைந்தவர்களுக்கு எதிர்காலம் மிக நன்றாக இருக்கிறது, கரையாமல் மிச்சம் நின்றவர்களுக்கு நோய் திரும்பி வரும் பயம் அதிகம். பஸ் நிலையத்தில் அந்தச் சகோதரி சொன்ன இருவரும் இந்த இரண்டு கரையில் நிற்பவர்கள் போலத் தெரிகிறது.

யார் எந்தக் கரை என்பதைத் தீர்மானிப்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மரபணு என்றால் எந்த மரபணு என்று கேட்க வேண்டும். கட்டிக்குள் கெட்டுப்போன மரபணு வேறு, பிறக்கும்போதே உடம்பு முழுக்க இருக்கும் மரபணு வேறு. கட்டிக்குள் கெட்டது அந்த ஒருத்தியோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. பிறவியிலேயே இருப்பது பிள்ளைக்கும் போகலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டில் பாதிச் சண்டை.

பிறவியில் வருவதில் பேர் பெற்றவை பிராக்கா-1, பிராக்கா-2 என்ற இரண்டு. மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வரும் குடும்பங்களை வருடக்கணக்காக ஆராய்ந்து, முதலாவது மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று 1990-ல் காட்டினார். 1994-ல் அதையும் 1995-ல் இரண்டாவதையும் பிடித்தார்கள். முப்பூட்டு இல்லாத கட்டிக்கும் பிராக்கா-1-க்கும் நெருங்கிய உறவு. பிராக்கா-1 கெட்டவர்களுக்குக் கட்டி வந்தால் பெரும்பாலும் இந்த வகையாகவே வருகிறது.

பிராக்கா ஒரு ரிப்பேர் கும்பல். கட்டளைப் புத்தகத்தின் நூல் அறுந்தால் சரியாகத் தைத்து வைப்பது அதன் வேலை. தோட்டத்தில் மழைக்கு அறுத்துக்கொண்டு போன ரோட்டைச் சரிசெய்ய ஒரு கும்பல் இருக்கிறதே, அதைப் போல. பிறக்கும்போது அந்தக் கும்பலின் ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏதோ ஓர் உயிரணுவில் அந்த இரண்டாவதும் போய்விட்டால், ரோடு ரோடாக உடைந்து, கட்டளை தாறுமாறாகி, புற்றுநோய் பிறக்கிறது.

இப்போது கவனியுங்கள். எது அந்தக் கட்டியைப் பெற்றதோ அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. ரிப்பேர் கும்பல் இல்லாத தோட்டத்தில் வேண்டுமென்றே எல்லா ரோட்டையும் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? தோட்டமே முடங்கிப்போகும். பிளாட்டினம் என்ற உலோகத்திலிருந்து செய்யும் கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் மருந்துகள் அப்படித்தான் நூலை அறுக்கின்றன. நல்ல உயிரணு தைத்துக்கொள்ளும், பிராக்கா இழந்த கட்டியால் தைக்க முடியாது.

இது வெறும் கற்பனை அல்ல. நோய் முற்றிப் பரவிய முப்பூட்டு இல்லாத வகைப் பெண்கள் 376 பேரைச் சேர்த்து பிரிட்டனில் ஒரு சோதனை நடத்தி, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கார்போபிளாட்டின், பாதிப் பேருக்கு டோசிடாக்சல். மொத்தமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் பிராக்கா கெட்டிருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது கார்போபிளாட்டினில் நூற்றுக்கு 68 பேருக்குச் சுருங்கியது, டோசிடாக்சலில் 33 பேருக்குத்தான். மருந்து மாறவில்லை. வாங்கிக்கொண்ட உடம்புதான் மாறியது. யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்திருந்தால் இந்த வித்தியாசம் கூட்டத்தில் மறைந்தே போயிருக்கும்.

பிராக்கா கும்பல் போனால், பார்ப் என்ற இன்னொரு சின்னக் கும்பல் ஒட்டுப்போட்டுக் கட்டியை உயிரோடு வைத்திருக்கும். அந்தக் கும்பலின் கையையும் கட்டிவிட்டால்? 2005-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் இதைச் சோதனைச் சாலையில் காட்டின. பிறகு ஒலாபரிப் என்ற மாத்திரை வந்தது. ஆரம்பக் கட்ட நோய், ஆனால் திரும்பி வரும் ஆபத்து அதிகம் உள்ள 1,836 பிராக்கா நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. வழக்கமான வைத்தியம் முடிந்தபின் ஒரு வருடம் ஒலாபரிப் சாப்பிட்டவர்களில் மூன்று வருடத்துக்குப் பின்னும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 86 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 77 பேர். ஒன்பது பேர் வித்தியாசம். ஒன்பது என்பது சின்ன எண் என்று நினைக்காதீர்கள். நூறு வீட்டு லைனில் ஒன்பது வீட்டுத் தாய் என்று எண்ணிப் பாருங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரிகளுக்குத்தானே ஐயா, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான சோதனைகள் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களிடம்தான் நடந்தன. அந்தக் குறையைத் தீர்க்க நம் நாட்டிலேயே ஒரு நல்ல வேலை நடந்திருக்கிறது. 2001-ல் தொடங்கிய கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற நிலையமும் மலாயாப் பல்கலைக்கழக டாக்டர்களும் சேர்ந்து, மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சேகரித்து ஆராய்ந்து வருகிறார்கள். பேராசிரியர் தியோ சூ ஹுவாங், பேராசிரியர் யிப் செங் ஹார், பேராசிரியர் நூர் ஆயிஷா முகமட் தாயிப் ஆகியோர் இந்த வேலையில் முக்கியமானவர்கள். மூன்று பேரும் பெண்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். குடும்பத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் எல்லா மார்பகப் புற்று நோயாளிகளையும் எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் பிராக்கா கெட்டவர்கள். முப்பூட்டு இல்லாத வகையில் இதைவிட அதிகம்.

அதே குழுவினர் 560 மலேசியப் பெண்களின் கட்டிகளை எடுத்து, உள்ளே கெட்டிருக்கும் மரபணுக்களைப் படித்து 2020-ல் வெளியிட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்களின் கட்டிகளோடு ஒப்பிட்டால், நம்மவர் கட்டிகளில் டி.பி.53 என்ற காவல்கார மரபணு கெட்டிருப்பது கூடுதல், ஹெர்-2 வகையும் கூடுதல், கட்டிக்குள் நுழைந்திருக்கும் எதிர்ப்புச் சக்தி அணுக்களும் கூடுதல் என்று கண்டார்கள். கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள், அது கீழே திரும்ப வரும்.

இன்னொரு சங்கதியும் என்னை யோசிக்க வைத்தது. பிராக்கா-1-ல் இரண்டே இரண்டு எழுத்து விடுபட்டுப்போகும் ஒரு பிழை, ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் என்று பேர் பெற்றது. அதே பிழையைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தார் தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய நிலையம் அது. ரஜூலா கப்பலில் தகரப் பெட்டியோடும் பாயோடும் பினாங்குத் துறையில் வந்து இறங்கிய நம் பாட்டன் பாட்டிமார், இதைப் போன்றவற்றையும் தெரியாமலே சுமந்து வந்திருக்கலாம். அது யார் குற்றமும் இல்லை.

இனி, உடம்பு மருந்தை எப்படிச் செரிக்கிறது என்ற பக்கம். இது நமக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பி.டி. பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா? குறை இருந்தால், "பாச்சை உருண்டை வைக்காதே, இந்த இந்த மருந்து கொடுக்காதே" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரிமாகுயின் மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து, அந்தப் பிள்ளைக்கு ரத்தத்தை உடைக்கும் விஷம். அதுவும் மரபணு செய்கிற வேலைதான்.

கீமோவிலும் அப்படி ஒன்று உண்டு. அறுவைக்கு முன் கீமோ கொடுத்தும் கட்டி மிச்சம் நின்றவர்களுக்குக் கெப்பசிட்டபின் என்ற மாத்திரையை அறுவைக்குப் பின் கொடுத்தால் பலன் உண்டா என்று ஜப்பானிலும் கொரியாவிலும் 910 பேரிடம் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. முப்பூட்டு இல்லாத வகையில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 79, சாப்பிடாதவர்களில் 70. ஆகவே "ஆறு தடவை ஏத்தியும் கல்லு மாதிரி நிக்குது" என்ற அந்தப் பெண்ணுக்குக் கதை முடியவில்லை. அடுத்த அத்தியாயம் இருக்கிறது. ஆனால் சிலருக்குக் கெப்பசிட்டபினைச் செரிக்கும் டி.பி.டி. என்ற பொருள் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே அளவு மீறிய விஷமாகி, வாயெல்லாம் வெந்து, நிற்காத பேதி போய், உயிருக்கே ஆபத்தாகும். இந்த மருந்தைத் தொடங்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று ஐரோப்பிய மருந்து நிர்வாகம் 2020-ல் சொல்லியது. சோதனை கிடைக்காத இடத்தில், முதல் வாரத்திலேயே பேதியும் வாய்ப்புண்ணும் கடுமையானால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிவது இந்த மருந்தில் சகஜம். வெட்டுக்கத்தி பிடிக்கிறவர்களும் செம்பனைக் குலை தூக்குகிறவர்களும் இதை டாக்டரிடம் முன்னதாகவே சொல்லி, மெடிக்கல் லீவு கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

மிச்சம் நிற்கும் உயிரணுக்கள் ஏன் சாகவில்லை? மருந்து அடிக்கிற நம் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும். 1990-களின் பிற்பகுதியில் பேராக்கில், கிளைபொசேட் அடித்தாலும் சாகாத சம்பாவ் புல் கண்டுபிடிக்கப்பட்டது. அடித்த மருந்து புல்லைப் பலசாலி ஆக்கவில்லை. ஆயிரம் புல்லில் ஏற்கனவே மாறியிருந்த ஒன்றிரண்டு மட்டும் தப்பின, மற்றவை செத்த இடத்தில் அவை தழைத்தன. கட்டிக்குள்ளும் அப்படியே. மரபணு மாறிய சில அணுக்கள் மருந்தை உள்ளே விடாமல் வெளியே தள்ளக் கற்றிருக்கும், சில அறுந்த நூலைத் திரும்பத் தைக்க வழி கண்டிருக்கும். அதனால்தான் டாக்டர்கள் ஒரே மருந்தைக் கொடுக்காமல் வேறு வேறு வழியில் தாக்கும் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடையில் நிறுத்தினாலும், தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டாலும் தப்பிய அணுக்களுக்குத்தான் கொண்டாட்டம்.

எதிர்ப்புச் சக்தி என்று மேலே சொன்னேனே. நம் உடம்பின் காவலர்களைத் தட்டி எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசியைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது, அறுவை நேரத்தில் கட்டி முழுதாகக் கரைந்திருந்தவர்கள் நூற்றுக்கு 51-லிருந்து 65 ஆக உயர்ந்தார்கள் என்று 2020-ல் வெளிவந்தது. முப்பூட்டு இல்லாத வகைக்குத்தான் இது. ஆனால் விலை? மாதச் சம்பளக்காரன் நினைத்துப் பார்க்க முடியாத விலை. ஒலாபரிப்பும் அப்படியே. மருந்து கண்டுபிடித்தாயிற்று, நம் லைன் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இந்த அநியாயத்தைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிச் சமூகநலப் பிரிவில் உதவி கேட்டுப் பாருங்கள், புதிய மருந்துச் சோதனை ஏதும் நடக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். பிளாட்டினம் மருந்துகள் அவ்வளவு விலை இல்லை என்பது ஓர் ஆறுதல்.

சரி, மரபணுப் பரிசோதனை யாருக்கு? முப்பூட்டு இல்லாத கட்டி வந்தவர், இளவயதில் கட்டி வந்தவர், இரண்டு மார்பிலும் வந்தவர், குடும்பத்தில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இரண்டு மூன்று பேருக்கு இருந்தவர், மார்பகப் புற்று வந்த ஆண், இவர்களெல்லாம் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். சோதனை என்பது கொஞ்சம் ரத்தம், அவ்வளவே. கேட்கும்போது அப்பா பக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு இல்ல, அத்தைக்கும் அப்பாயிக்கும்தான் இருந்துச்சு, அது கணக்கில்ல" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் கணக்குத்தான். தகப்பன் நோயில்லாமலே பாதி வாய்ப்பில் மகளுக்குக் கொடுத்துவிட முடியும்.

இங்கேதான் வீட்டில் பிரச்சினை கிளம்புகிறது. "டெஸ்ட் எடுத்து ஏதாவது வந்துட்டா எம் பொண்ணுக்கு யாரு மாப்பிள்ளை குடுப்பா?" இதை ஒரு தாய் என்னிடமே கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். ரிசல்ட் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போவதில்லை. அது உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும். பிராக்கா கெட்ட பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 70. தெரிந்தவள் வருடாவருடம் ஸ்கேன் எடுத்து, அரிசி அளவில் பிடிக்கலாம். தெரியாதவள் எலுமிச்சம்பழம் ஆனபிறகு வருவாள். மகளுக்கு மரபணு போகாமலும் இருக்கலாம், அதற்கும் பாதி வாய்ப்பு உண்டு. அப்போது அவள் பயமில்லாமல் தூங்கலாமே? அந்தத் தாய் உடனே சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மகளையே கூட்டிக்கொண்டு வந்து, "நீங்களே இவகிட்ட சொல்லுங்க" என்றார். மகள் எனக்குச் சொல்ல இடம் வைக்கவில்லை. "அம்மா, ரத்தம் எங்க குடுக்கணும்னு மட்டும் கேளுங்க" என்றாள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு வழி தூரம் இல்லை. ஜார்ஜ் டவுன் பெரியாஸ்பத்திரியில் ஆன்கோலஜி பிரிவு இருக்கிறது. கெப்பாளா பத்தாஸ் பக்கம் பெர்த்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது, செபராங் பிறையின் வடக்கில் இருப்பவர்களுக்கு அது கிட்ட. தஞ்சோங் பூங்காவில் கன்னியாஸ்திரிகள் 1976-ல் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் உண்டு. போகும்போது சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். "என் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன, டாக்டர்? அறுவைக்கு முன்னாலேயே கீமோ கொடுக்கலாமா? எனக்கு மரபணுச் சோதனை தேவையா?" என்று கேளுங்கள். அறுவை முடிந்ததும், "கட்டி முழுசா கரைஞ்சிருந்துச்சா, மிச்சம் இருந்துச்சா?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்த மருந்து. கீமோ நடக்கும் காலத்தில் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால் பெனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்குப் போய், "கீமோ எடுக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவின்படி, நம் நாட்டில் மார்பகப் புற்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 48 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். மரபணு எவ்வளவு சாதகமாக இருந்தாலும், அவ்வளவு தாமதித்து வந்தால் எந்த மருந்துக்கும் கஷ்டம்தான்.

இதை எழுதும்போது ஒருத்தி முகம் கண்ணிலேயே நிற்கிறது. 1980-களில் நான் வேலை பார்த்த தோட்டத்தில் – பெயர் வேண்டாம் – இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு இளம் பெண் வந்தாள். "மார்புல ஏதோ உருளுது டிரெஸ்ஸர்" என்றாள். நான் சரியாகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பால் கட்டிக்கிட்டிருக்கும்மா, சுடுதண்ணி ஒத்தடம் குடு" என்று அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து வந்தபோது அக்குளிலும் கட்டி. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன், பெர்ரி ஏறிப் போனாள், அடுத்த தீபாவளியை அவள் பார்க்கவில்லை. அது முப்பூட்டு இல்லாத வகையா, பிராக்கா கெட்டதா, யாருக்குத் தெரியும்? அந்தச் சோதனைகள் அன்று இல்லை. அந்தக் கைக்குழந்தை பெண் குழந்தை. இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பாள், எங்கே இருக்கிறாளோ தெரியாது. பால் கொடுக்கும் தாயானாலும், சின்ன வயசானாலும், இரண்டு வாரத்தில் கரையாத கட்டி எதுவும் டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டிய கட்டி.

பஸ் நிலையத்தில் கேட்ட சகோதரிக்கு: உங்கள் லைனில் கட்டி கரையாத அந்த அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் சங்கக் கிளை ஆபீஸுக்கு அழைத்து வாருங்கள். எழுதியிருப்பதை உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். அடுத்த கிளினிக் தேதிக்கு முன்னால் வந்தால் நல்லது.